செல்லூர்ச் சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை

பேரிடர் மீட்புத் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சி 12 நாள். கயிற்று முடிச்சு, சிபிஆர் என்கிற நெஞ்சை அழுத்தும் முதலுதவி, ஸ்ட்ரெச்சர் தூக்குவது எல்லாம் பழகிவிட்டு வந்திருந்தேன். 2024 அக்டோபர் 25, தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் அது முதன்முதலாகத் தேவைப்பட்டது. அன்று மதுரையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் கால் மணி நேரத்திலேயே 4.5 செ.மீ. கொட்டியது. செல்லூர் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல் தெருக்களுக்குள் ஏறிவிட்டது. வைகை என்றால் அணையில் 66 அடி வந்ததுமே முதல் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள், கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கண்மாய்த் தண்ணீர் வாசல்படி ஏறும்போதுதான் தெரியும்.

முழங்காலுக்கு மேல் தண்ணீர். முன்னால் போனவர் மூங்கில் கம்பால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க, பின்னால் நாங்கள் மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. கம்பு சட்டென்று உள்ளே இறங்கினால் அங்கே சாக்கடை மூடி இல்லை என்று அர்த்தம்.

ஒரு சந்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்த தாத்தா. கட்டில் விளிம்பு வரை தண்ணீர். ஸ்ட்ரெச்சரைச் சந்து முனையில் எப்படித் திருப்பியும் உள்ளே நுழையவில்லை. மாடி வீட்டு அக்கா கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிக் கொடுத்தார். தாத்தாவை அதில் உட்காரவைத்து, அவர் வேட்டியாலேயே நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். "மாத்திரப் பைய எடுத்துட்டீங்களாய்யா?" என்று அப்பத்தா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். எடுக்கவில்லை. மறுபடி ஒருவர் போனார்.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அந்த அக்கா போன் செய்யாவிட்டால் எங்களுக்குத் தாத்தா அங்கே இருப்பதே தெரியாது. நான் தினமும் வேலைக்குப் போகிற வழி அது.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டோம். எழுந்து நடக்க முடியாதவர், டயாலிசிஸ் போகிறவர், நிறைமாதக்காரர், தனியாக இருக்கும் பெரியவர், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, யார் வீட்டு மாடி உயரம், எந்தச் சந்துக்கு ஸ்ட்ரெச்சர், எதற்கு நாற்காலி. வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, மறுபடி வீடு வீடாகப் போகவேண்டும். உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால், நாங்கள் கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.