பக்கவாட்டில் தள்ளாமலே ஆடும் இழை

பெருவெடிப்பு என்றாலே எல்லோருக்கும் சூடுதான் நினைவுக்கு வரும். ஆரம்பத்தில் தாங்க முடியாத வெப்பம், பிறகு விரிய விரிய ஆறியது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். அந்தச் சூட்டுக்கு முன்னால் ஒரு குளிர் இருந்தது என்று சொன்னால் என் மூன்றாமாண்டு மாணவர்களே நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

1981இல் இயற்பியலாளர் ஆலன் கூத் முன்வைத்து, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆந்திரே லிந்தேயும் மற்றவர்களும் திருத்திச் செப்பனிட்ட பெருவீக்கக் கோட்பாட்டின்படி, பேரண்டம் மிகச் சொற்ப நேரத்தில் குறைந்தது 10²⁶ மடங்கு நீண்டது. இது நீளத்துக்கு மட்டும். கன அளவுக்கு அந்த எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள், 10⁷⁸ வரும். அதற்கு முன்பு அங்கே என்ன துகள் இருந்திருந்தாலும், இன்று நம் கண்ணுக்கு எட்டும் அண்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூட அகப்படாத அளவுக்கு அது நீர்த்துப்போயிருக்கும். பெருவீக்கம் ஓயும்போது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இன்ஃப்ளேட்டான் என்று பெயரிட்ட ஒரு புலம், எங்கும் ஒரே சீராக, தன் ஆற்றல் பள்ளத்தின் அடியில் இப்படியும் அப்படியுமாக அலைந்துகொண்டு. ஒளி இல்லை, எலெக்ட்ரான் இல்லை, குவார்க் இல்லை.

இன்றைக்கு ஒரு கன சென்டிமீட்டர் வெற்றிடத்தில்கூடப் பெருவெடிப்பின் எச்சமான பழைய ஒளியின் 411 ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இருக்கின்றன. ஏறக்குறைய 160 கோடி ஃபோட்டானுக்கு ஒரு புரோட்டான் என்ற கணக்கில் பொருளும் இருக்கிறது. இத்தனையும் அந்த ஒற்றைப் புலத்தின் அலைவிலிருந்து பிறந்தாக வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கான சாவி எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் மூலையிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கு மெல்டே இழைச் சோதனை மறந்திருக்காது. மின்சாரத்தில் அதிரும் இசைக்கவை, அதன் ஒரு புயத்தில் கட்டிய நூல், மறுமுனையில் கப்பிமேல் தொங்கும் சின்னத் தட்டு. தட்டில் எடையைக் கூட்டிக் குறைத்தால் ஒரு கட்டத்தில் நூல் சட்டென்று லூப் லூப்பாக விரியும். லூப்பை எண்ணி, நீளம் அளந்து, அட்டவணை போட்டு, அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. ஃபிரான்ஸ் மெல்டே ஜெர்மனியின் மார்பர்க் நகரத்துக்காரர். 1859இல் செய்து காட்டிய இந்தச் சோதனை இன்றும் நம் பாடத்திட்டத்தில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதை அட்டவணையோடு முடித்துவிடுகிறோமே என்பதுதான் வருத்தம்.

சோதனையில் இரண்டு அமைவுகள் உண்டு. குறுக்கமைவில் புயம் நூலுக்குச் செங்குத்தாக ஆடுகிறது, நூலைப் பக்கவாட்டில் உலுக்குகிறது. நூலும் அதே அதிர்வெண்ணில் ஆடும். இதில் புதிர் இல்லை. இசைக்கவையைத் திருப்பி வைத்தால் நெட்டமைவு. இப்போது புயம் நூலின் நீளவாக்கிலேயே போய் வருகிறது. நூல் கொஞ்சம் இறுகும், கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இருந்தும் சரியான எடையில் நூல் பக்கவாட்டில் பொங்கி ஆடும், அதுவும் இசைக்கவையின் பாதி அதிர்வெண்ணில். அதே எடைக்கு அங்கே நான்கு லூப் என்றால் இங்கே இரண்டு.

இந்த வருடம் இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி நூலுக்கு நேராகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மேம், பக்கவாட்டுல யாருமே தள்ளலையே, அப்புறம் எப்படி மேம் பக்கவாட்டுல ஆடுது?”

அந்தக் கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. நின்றுகொண்டு ஊஞ்சலாடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். இரண்டு ஓரங்களிலும் முழங்காலை மடக்கி உட்காருவார்கள், நடுவே வரும்போது எழுவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு தடவை. யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயரும். ஆனால் ஊஞ்சல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தால் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். வளர்வதற்கு முதலில் ஒரு சிறு அசைவு வேண்டும். மெல்டே நூலிலும் அப்படியே. துளி அசைவும் இல்லாத நூல் அப்படியே நிற்கும். மின்விசிறிக் காற்றோ மேசையின் நடுக்கமோ கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத அசைவைத்தான் இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வளர்த்தெடுக்கின்றன. பாராமெட்ரிக் ஒத்ததிர்வு என்பது இதுதான்.

இப்போது பேரண்டத்துக்கு வருவோம். இன்ஃப்ளேட்டானோடு பிணைந்த இன்னொரு புலம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அந்தப் புலத்துத் துகளின் நிறை, இன்ஃப்ளேட்டானின் மதிப்பைப் பொறுத்துக் கூடும், குறையும். இன்ஃப்ளேட்டான் அலைவதால் இரண்டாவது புலத்தின் நிறையும், நூலின் இறுக்கம் போலவே, தாளம் தவறாமல் மாறுகிறது. இசைக்கவை இன்ஃப்ளேட்டான், நூல் இரண்டாவது புலம். முதல் அசைவு? அதற்குக் காற்றும் தேவையில்லை, மேசையும் தேவையில்லை. குவாண்டம் விதிப்படி வெற்றிடத்தில்கூட எந்தப் புலமும் முற்றிலும் அசைவற்று இருக்க முடியாது. அந்த ஒழியாத நடுக்கமே விதை. விதை அடுக்கடுக்காகப் பெருகுகிறது. புலத்தின் அலைவு பெருகுவது என்றால் துகள்களின் எண்ணிக்கை பெருகுவது என்று பொருள். இல்லாத இடத்தில் துகள் பிறப்பது இப்படித்தான்.

ஆரம்பத்தில் யாரும் இதை இப்படிப் பார்க்கவில்லை. 1982இல் எழுதப்பட்ட கட்டுரைகளில் அலையும் புலத்தையே இன்ஃப்ளேட்டான் துகள்களின் கூட்டமாகக் கொள்கிறார்கள்; அவை ஒவ்வொன்றாகத் தனித்தனியே சிதைகின்றன. அலைவு மெல்ல மெல்ல அடங்கும், பேரண்டம் மெதுவாகச் சூடேறும். 1990இல் ஜெனி டிராஷனும் ராபர்ட் பிராண்டன்பெர்கரும், தனியாக டோல்கோவும் கிரிலோவாவும், ஒத்ததிர்வு இங்கே வேலை செய்யும் என்று காட்டினார்கள். 1994இல் லெவ் காஃப்மன், லிந்தே, அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி மூவரும் அதன் முழு வீரியத்தையும் வெளியே கொண்டுவந்தார்கள். 1997இல் அவர்களே எழுதிய நீண்ட கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன், இன்றும் படிக்கிறேன். காஃப்மன் 2009இல் டொரண்டோவில் மறைந்துவிட்டார். முன்சூடேற்றம் என்று இந்தக் கட்டத்துக்குப் பெயர்.

அந்தக் கட்டுரையில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒன்று உண்டு. பிணைப்பு வலுவாக இருந்தால் துகள்கள் சீராகப் பிறப்பதில்லை. இன்ஃப்ளேட்டான் பள்ளத்தின் அடியை, அதாவது பூஜ்யத்தை, கடக்கும் அந்த நொடிப்பொழுதில் மட்டும் இரண்டாவது புலத்தின் நிறை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அப்போது ஒரு கொத்துத் துகள்கள் பிறக்கின்றன. பிறகு அடுத்த கடப்பு வரை அமைதி. எளிய மாதிரிகளில் இன்ஃப்ளேட்டானின் நிறை 10¹³ ஜிஇவி அளவில் இருக்கும் (ஜிஇவி என்பது துகள்களின் நிறைக்கும் ஆற்றலுக்கும் நாங்கள் வைத்திருக்கும் அலகு). அப்படியானால் ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம் சுமார் 4×10⁻³⁷ வினாடி. அதற்குள் இரண்டு தடவை கொத்துக் கொத்தாகப் பிறப்பு. சில பத்து அலைவுகளுக்குள் காரியம் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்றேன். ஆனால் பிறந்த துகள்கள் சும்மா இருப்பதில்லை. அவை பெருகியதும் இன்ஃப்ளேட்டானின் அலைவையே மாற்றி, தங்களைப் பெற்ற தாளத்தைக் கலைத்துவிடுகின்றன. அதோடு ஒத்ததிர்வு நின்று மோதலும் சிதறலும் தொடங்கும். இதைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. கணினியில் வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போட வேண்டும், 1996இல் க்லெப்னிகோவும் ட்காச்சேவும் தொடங்கிவைத்தது போல. மிச்சம் இருக்கும் இன்ஃப்ளேட்டான்கள் பழைய முறையில் சிதைந்து தீர வேண்டும். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் நாம் பள்ளியில் படித்த சூடான பேரண்டம் ஆரம்பிக்கிறது.

அது எவ்வளவு சூடு? கீழ் எல்லை ஓரளவு உறுதி. ஹீலியம் இன்று இருக்கும் அளவில் உருவாக வேண்டும் என்றால் குறைந்தது 4 எம்இவி (ஜிஇவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்இவி), அதாவது சுமார் 5,000 கோடி கெல்வின் வேண்டும். மேல் எல்லை 10¹⁶ ஜிஇவி வரை போகலாம். இரண்டுக்கும் இடையே 18 பூஜ்யங்கள்! முன்சூடேற்றத்தின் கொந்தளிப்பில் ஈர்ப்பலைகள், அதாவது வெளியையே அசைக்கும் அலைகள், கிளம்பியிருக்கும். ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் அவற்றின் அதிர்வெண் கோடி ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவி கேட்பது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். அந்த உயரத்தைக் கேட்கும் கருவி வந்தே தீர வேண்டும் என்று மனசாரக் காத்திருக்கிறேன்.

கையால் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ம″ + (அ − 2க கொசைன் 2த) ம = 0. இது மாத்தியூ சமன்பாடு. ம நூலின் பக்கவாட்டு அசைவு, த நேரம், அ நூலின் சொந்தத் தாளத்தைக் குறிப்பது, க இறுக்கம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதைக் குறிப்பது. 1868இல் எமில் மாத்தியூ நீள்வட்டத் தோல்பரப்பின் அதிர்வுக்காக எழுதியது. மெல்டே நூலுக்கும் முன்சூடேற்றத்துக்கும் இதே சமன்பாடுதான், பேரண்டம் விரிவதை மட்டும் ஒதுக்கிவைத்தால். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி போதும். க = 0.1, அ = 1, ம = 0.001 என்று தொடங்கி, த = 100 வரை ஓட்டுங்கள். ம-வின் வீச்சு ஏறக்குறைய நூறு மடங்கு வளர்ந்திருக்கும். பிறகு அ-வை 1.3 ஆக்குங்கள், வளராது. ம = 0 என்று வைத்தும் ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த மாணவிக்கு நான் முதலில் ஓட்டிக் காட்டியது அதைத்தான்.