158 சென்டிமீட்டருக்குள் ஒரு முழுச் சைக்கிள்

விமான நிலையக் கவுன்ட்டரில் டேப் வைத்து அளந்தார்கள். இரண்டு பையும் அளவுக்குள்தான் இருந்தன. தராசில் ஏற்றினார்கள், எடையும் சரி. டேக் ஒட்டப் போகிற நேரத்தில் "உள்ளே என்ன?" என்று ஒரு கேள்வி. சைக்கிள் என்றேன். அவ்வளவுதான். அதுவரை சாதாரணப் பையாக இருந்தது அந்த நிமிஷமே 'விளையாட்டுச் சாமான்' ஆகிவிட்டது. அதற்குத் தனிக் கட்டணமாம். டிக்கெட் விலையில் ஏறக்குறைய பாதி!

பகல் கொள்ளை என்பது இதுதான். அதே பையில் அதே எடைக்குப் பழைய இரும்புச் சாமானைப் போட்டுக் கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்லவேளையாக, அந்த விமான நிறுவனத்தின் உடைமை விதிகளை அச்செடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். அளவும் எடையும் வரம்புக்குள் இருந்தால் சைக்கிளும் சாதாரண உடைமைதான் என்று அவர்களே எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். கவுன்ட்டர்காரர் படித்துவிட்டுப் பக்கத்துக் கவுன்ட்டரில் காட்டினார். அவர் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் இன்னொரு தடவை டேப் வைத்து அளந்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லாமல் டேக்கை ஒட்டி அனுப்பினார்கள். அந்த ஒரு தாள் இல்லையென்றால் பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கவுன்ட்டரிலேயே போயிருக்கும்.

ஆகவே, டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் விதியைப் படியுங்கள், வாங்கிய பிறகு அல்ல. எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி கிடையாது. சிலர் 'சைக்கிள்' என்ற பெயருக்கே கட்டணம் வைத்திருக்கிறார்கள். பை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தப்ப முடியாது. சிலர் அளவை மட்டும் பார்ப்பார்கள். அமெரிக்கன், டெல்டா இரண்டும் 2019-ல் சைக்கிளுக்கான அதிக அளவுக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. எடைக்குள் இருந்தால் சாதாரணப் பெட்டிக் கணக்குதான். மலிவு டிக்கெட் என்று பாய்ந்து வாங்கி, சைக்கிளுக்கு அதைவிட அதிகமாக அழுதவர்களை எனக்குத் தெரியும். டிக்கெட், சைக்கிள் இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களில் செக்-இன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக் கூடாது. எகானமியில் ஒரு பெட்டிக்கு எடை 23 கிலோ. சைக்கிள் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி 230 செ.மீ. அளவுக்கு வரும், ஆகவே தகராறு நிச்சயம். ஆனால் சைக்கிளை இரண்டாகப் பிரித்தால் கதை மாறிவிடுகிறது. என் சைக்கிளில் இருப்பது 700சி என்ற அளவுச் சக்கரம். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. அதன் மேல் 28 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 678, அதாவது 68 செ.மீ. இரண்டு சக்கரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் கனம் 20 செ.மீ. ஆக 68, 68, 20: மொத்தம் 156. முதல் பை முடிந்தது!

ஃப்ரேம்தான் படுத்தும். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), கிராங்க் (பெடல் மாட்டும் கை, அதோடு சேர்ந்த பற்சக்கரம்) எல்லாம் கழற்றினால் என் ஃப்ரேம் 89 நீளம், 54 உயரம், 14 அகலம். கூட்டினால் 157. ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம். உங்கள் ஃப்ரேம் பெரிசு என்றால் இது நடக்காது. முதலில் டேப் எடுத்து அளந்துவிட்டுப் பை வாங்குங்கள். ஃப்ரேமையே நடுவில் அறுத்து எஸ் அண்ட் எஸ் கப்ளிங், அதாவது அறுத்த குழாய்களைத் திருகிச் சேர்க்கும் இணைப்பு, வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அப்படிச் செய்தால் முழுச் சைக்கிளும் 66 செ.மீ. சதுரத்தில் 25 செ.மீ. கனமுள்ள ஒரே பெட்டிக்குள் போய்விடும். அருமையான வேலைப்பாடு, ஆனால் அதற்காகும் செலவில் சுமாரான சைக்கிளே ஒன்று வாங்கிவிடலாம். என் பட்ஜெட்டுக்கு அது கனவு.

கழற்றும் வேலையை வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சக்கரத்தையும் சீட்டையும் கழற்ற யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சீட் போஸ்டை உருவும் முன் ஃப்ரேமோடு சேரும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், திரும்ப மாட்டும்போது உயரம் தேட வேண்டியதில்லை. பெடலில் இடது பக்க மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றினால்தான் கழலும். 15 ஸ்பேனரில் ஏறி நின்றும் அசையாத பெடல்கள் உண்டு, அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தளர்த்தி, மரையில் கிரீஸ் தடவி மாட்டிவையுங்கள்.

கிராங்க்கை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பல் உள்ள பற்சக்கரத்தின் ஆரமே 10 செ.மீ. அது கீழே நீட்டிக்கொண்டிருந்தால் 158-ஐ மறந்துவிடலாம். போதாததற்கு அந்தப் பற்கள் பையையும் கிழிக்கும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஃபோர்க். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதன் மேலே உள்ள மூடியின் போல்ட்டை எடுத்து, ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஃபோர்க் அப்படியே கீழே நழுவும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது வெளியே வரும் சாமான்களில்தான் விஷயம் இருக்கிறது: ஸ்பேசர்கள், மேல் மூடி, வெட்டு விழுந்த ஒரு சின்ன வளையம், மேல் பேரிங், கீழ் பேரிங். பேரிங்கின் ஓரத்தில் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு மேலே பார்த்ததா கீழே பார்த்ததா என்பது கழற்றும்போது பார்த்தால்தான் உண்டு. மாற்றிப் போட்டால் ஹேண்டில்பார் கரகரவென்று திரும்பும். ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, அதே வரிசையில் அதே முகமாக ஃபோர்க் குழாயிலேயே கோத்து, முனையில் ஒரு கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன். ஊர் போய்ச் சேர்ந்து இருட்டில் மாட்டியபோதும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஹேண்டில்பாருக்குள் கேபிள் ஓடி, ஹெட்செட் (நான் கழற்றிய அந்தப் பேரிங் தொகுதி) வழியாக ஃப்ரேமுக்குள் போகும் நவீன சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். பார்க்க அழகு, பயணத்துக்குச் சனியன்.

என்னுடையது நேர் ஹேண்டில்பார், கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக். முன் பிரேக்கை ஃபோர்க்கிலிருந்து இரண்டு போல்ட் கழற்றித் தொங்கவிட்டு, கேபிளோடு சேர்த்து ஹேண்டில்பாரை மேல்குழாய்க்குப் பக்கத்தில் படுக்கவைத்துக் கட்டிவிட்டேன். வளைந்த பார் என்றால் அகலம் இடிக்கும். கேபிளை அவிழ்த்துப் பாரைச் சக்கரப் பைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) உள்ளவர்கள், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேட்களுக்கு நடுவில் ஒரு கனமான அட்டைத் துண்டைச் செருகாமல் பையை மூடாதீர்கள். டிஸ்க் நடுவில் இல்லாதபோது லீவர் தெரியாத்தனமாக அழுந்தினால் பேட் இரண்டும் நெருங்கிவிடும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. டிஸ்க் தட்டையும் கழற்றித் துணிக்கு நடுவில் வையுங்கள். லேசாக வளைந்தாலும் வழி முழுக்கச் 'சர்க் சர்க்'கென்று உரசும்.

கியர் மாற்றும் பின் டீரெயிலரை அப்படியே விட்டுவிடாதீர்கள். விமானத்தில் அடிபடுவதில் அது மாட்டியிருக்கும் மெல்லிய அலுமினியக் கொக்கிக்குத்தான் முதலிடம். ஆலன் கீயால் ஒரு போல்ட் அவிழ்த்து, டீரெயிலரைத் துணியில் சுற்றி, ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள்ளேயே கட்டிவிடலாம். உபரிக் கொக்கி ஒன்று வைத்திருப்பதும் நல்லது, ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு வேறு வடிவம் என்பதால் போகிற இடத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. பின் சக்கரம் உட்காரும் இடத்தில் 135 மி.மீ. இடைவெளி வெறுமையாக இருக்கும். மேலே இன்னொரு பெட்டி விழுந்தால் நசுங்கிவிடும். புதுச் சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் முட்டுக்கட்டையைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், குப்பையில் போடுகிற சாமான்தானே.

கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். வெறும் பெட்டியே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். 23-ல் அது போனால் சைக்கிளுக்கு என்ன மிஞ்சும்? அதைவிட முக்கியம், போய் இறங்கியதும் அதை எங்கே வைப்பீர்கள்? துணிப் பை என்றால் சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பலாம். அட்டைப் பெட்டியும் மோசமில்லை, காசு கிடையாது, இறங்கியதும் தூக்கிப் போடலாம். ஆனால் திரும்பும்போது இன்னொன்று தேடி அலைய வேண்டும். போதாததற்கு அது எந்த டாக்சி டிக்கியிலும் நுழையாது. சென்ற முறை ஒரு ஓட்டுநர் பெட்டியைப் பார்த்ததுமே இரண்டு ஆள் வாடகை கேட்டார். பெட்டி தண்ணீர் குடிக்கவில்லை, பேசவில்லை, சீட்டைக்கூட முழுசாகப் பிடிக்கவில்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. இந்த முறை இரண்டு பையும் டிக்கியில் அமைதியாகப் படுத்துக்கொண்டன, ஒரு காசு கூடுதலில்லை.

துணிமணி எல்லாவற்றையும் ஃப்ரேமைச் சுற்றியே அடைத்தேன். ஸ்பாஞ்சுக்கு ஸ்பாஞ்சு, தனிப் பெட்டியும் மிச்சம். ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பையில்தான். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க வேண்டியதுதான். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் போக வேண்டும். ஸ்பிரே டப்பாவில் வரும் செயின் எண்ணெயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மின்சார சைக்கிள்காரர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். 160 வாட்-மணிக்கு மேல் உள்ள பேட்டரி பயணிகள் விமானத்தில் உடைமையாக ஏறாது. உங்கள் பேட்டரி பெரும்பாலும் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

கவுன்ட்டரில் இன்னொரு கூத்து, டயரில் காற்றை இறக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் மேலே வெடித்துவிடுமாம். டயர் காற்றை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் பார்த்தால், காற்றே இல்லாத வெளியில் வைத்தாலும் தரையில் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் 14.7 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. சரக்கு அறையிலும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் உண்டு, ஆகவே வித்தியாசம் சுமார் 4 பி.எஸ்.ஐ.தான் வரும். 80 தாங்குகிற டயர் 84-ல் வெடிக்குமா? ஆனால் மேலாளரோடு மல்லுக்கட்டிய கையோடு அடுத்த சண்டைக்குத் தெம்பில்லை, கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். முழுக்க இறக்காதீர்கள், ரிம்முக்கு அந்தக் காற்றுதான் காப்பு. ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1903-ல் அவர்கள் பறக்கவிட்டதில் இரண்டு புரொப்பெல்லரையும் சுற்றியது செயின்தான். அவர்கள் வந்து நின்றிருந்தாலும் காற்றை இறக்கச் சொல்லியிருப்பார்கள்.

போகும்போது எல்லாம் பத்திரம். திரும்பி வந்தபோதுதான் வயிற்றெரிச்சல். சக்கரப் பையைச் சோதனைக்காகத் திறந்திருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் நான் ஒரு சின்னப் பையில் போட்டு ஸ்போக்கில் கட்டிவைத்த பின்சக்கர ஸ்க்யூவரில் (அச்சுக்குள் நுழைத்துச் சக்கரத்தை ஃப்ரேமோடு இறுக்கும் கம்பி) நட்டைக் காணோம். கம்பி இருக்கிறது, இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கிறது, நட்டு மட்டும் இல்லை! கட்டை அவிழ்த்தவர் கட்டாமலே மூடியிருக்கிறார். சில்லறைச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் சைக்கிளை ஓட்ட முடியாது. அடுத்த முறை எல்லாச் சின்னச் சாமானையும் ஒரே பையில் போட்டு, சக்கரத்தில் கட்டாமல், சட்டைப் பையில் கொண்டுபோவதாக இருக்கிறேன்.

இதற்கெல்லாம் புகார் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சர்வதேசப் பயணத்துக்கு 1999-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் உண்டு. உடைமை சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்தால் 21 நாள். கட்டும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்திருந்தேன், நட்டு இருக்கும் படமும் இருக்கிறது. அதையும் டேக் எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று இயந்திரம் போட்ட பதில் மட்டும் வந்திருக்கிறது.