சென்ட் ஓஎஸ் 6 இலிருந்து டெபியனுக்கு: மாணவர் கணக்குகளை மாற்றப் போகிறவர்கள் கவனிக்க

சாவகச்சேரியில் ஒரு ஐ.சி.ரி. வகுப்பின் சென்ட் ஓஎஸ் 6 ஓடிய பழைய சேர்வரை ஒருவழியாக டெபியன் 12க்கு மாற்றியாயிற்று. இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள். சென்ட் ஓஎஸ் 6க்கான ஆதரவு 2020 நவம்பரோடு நின்றுவிட்டது. இனியும் தள்ளிப்போட வழியில்லை. டெபியன் நிறுவியது சுகம். கணக்குகள்தான் ஆட்டிப் படைத்தன.

முதல் அலைச்சல், டேட்டா எடுக்கக் கொடுத்த யாழ் நகரக் கடையால். மாணவர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுகளை, எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் அமைந்த ஹார்ட் டிஸ்கில் பிரதி பண்ணித் தந்தார்கள். எக்ஸ்ஃபாட்டில் கோப்பின் உரிமையாளரும் அனுமதியும் பதியாது; அந்தப் பிரதியால் ஒரு பலனுமில்லை. திரும்பவும் பஸ் ஏறிப் போய்ப் பழைய டிஸ்கையே வாங்கிவந்து, புதிய சேர்வரில் நேரே மாட்டி, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, றூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) 'சிபி -ஏ' என்ற பிரதிக் கட்டளையைக் கொடுத்த பிறகுதான் உரிமைகள் ஒழுங்காக வந்தன.

அடுத்தது யூஐடி, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் உள்ள அடையாள எண். சென்ட் ஓஎஸ் 6 பயனர்களுக்கு 500 இலிருந்து எண் கொடுக்கும், டெபியன் 1000 இலிருந்து. பழைய எண்ணையே விட்டால் அது சிஸ்டம் கணக்குகளின் வரிசைக்குள் விழும். லொகின் திரையின் பட்டியலில் பிள்ளைகளின் பெயர் வராது. ஒவ்வொரு எண்ணோடும் 500ஐக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டவேண்டாம். 500ஆம் ஆள் 1000 ஆவார், பழைய 1000ஆம் ஆளும் அங்கேயே இருப்பார், இருவரின் கோப்புகளும் கலந்துவிடும். 10000 கூட்டுங்கள், மோதாது. ஜிஐடிக்கும் (குழுவின் எண்ணுக்கும்) அதே கணக்கு. பிறகு ஒவ்வொரு பழைய எண்ணையும் ஃபைண்ட் கட்டளையால் தேடி, உரிமையாளரை மாற்றும் 'சௌன் -எச்' கொடுத்து மாற்றவேண்டும். அந்த -எச் இல்லாவிட்டால் சிம்லிங்கை (இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை) விட்டுவிட்டு அது காட்டும் கோப்பின் உரிமைதான் மாறும்.

கணக்கு விவரம் உள்ள பாஸ்வேர்ட், கடவுச்சொல் ஹாஷ்கள் (மறைகுறி வடிவம்) உள்ள ஷாடோ, குழுக்கள் உள்ள குரூப் ஆகிய கோப்புகளை முழுதாகத் தூக்கி வைக்கவே கூடாது, சிஸ்டம் கணக்குகளின் எண்கள் இரண்டிலும் வேறுவேறு. மாணவர் வரிகளை மட்டும் இந்தக் கோப்புகளைத் திருத்தும் 'விஐபிடபிள்யூ', 'விஐபிடபிள்யூ -எஸ்', 'விஐஜிஆர்' கட்டளைகள் வழியாக ஒட்டுங்கள். ஷாடோவில் இன்னொரு பொறியும் உண்டு. சென்ட் ஓஎஸ்ஸில் அதன் அனுமதி 000. டெபியனில் 640, குழு ஷாடோ. பழைய அனுமதியோடு வந்தால் லொகின் ஆகும், ஆனால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப்பில் பூட்டிய திரை சரியான கடவுச்சொல்லுக்கும் திறக்காது. பூட்டுத்திரை றூட்டாக ஓடுவதில்லை, ஷாடோ குழு வழியாகத்தான் அதைச் சரிபார்க்கிறது.

நல்ல செய்தி: டாலர் 6 என்று தொடங்கும் பழைய ஹாஷ்கள் டெபியன் 12இலும் செல்லும். ஒரு பிள்ளைக்கும் புதுக் கடவுச்சொல் கொடுக்கவேண்டி வரவில்லை.

முடிவில் கணக்குக் கோப்புகளைச் சரிபார்க்கும் 'பிடபிள்யூசிகே', 'ஜிஆர்பிசிகே' இரண்டையும் ஓட்டி, ஃபைண்டில் உரிமையாளர் இல்லாத கோப்புகளைக் காட்டும் '-நோயூசர்' கொடுத்துப் பாருங்கள். ஒரு வரியும் வராவிட்டால் பழைய டிஸ்கைக் கழற்றலாம்.