குமுக்கன் ஆற்றில் எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது?

இலங்கையின் கிழக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் இரண்டாம் நாள் குமுக்கன் ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள். கரை முழுக்க மருத மரம். சிங்களத்தில் அதற்குக் கும்புக் என்று பெயர். வெயிலில் வெந்து வந்த உடம்பு அந்த நிழலுக்குள் நுழைந்ததுமே பாதிக் களைப்பு போய்விடும். மணலுக்கு மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும். "அரோகரா" என்று ஒரு சாமி குரல் கொடுக்க, பின்னால் வருகிற நூறு பேரும் குரல் கொடுப்பார்கள். பாதயாத்திரையில் எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான்.

மூன்று வருஷம் அந்த ஆற்றைக் கடந்திருக்கிறேன், மூன்று விதமான காலோடு. முதல் தடவை போகிற தம்பி தங்கைகள் "என்ன போட்டுக்கொண்டு போறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்த்தி வைத்தவர்களுக்கு இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களின் கால் முருகனுக்கு நேர்ந்த கால்.

எங்கள் குழு மட்டக்களப்பு மாமாங்கத்தில் கும்பிட்டுப் புறப்படும். கல்லாறு, திருக்கோவில், பொத்துவில் என்று பாணமை வரைக்கும் தார் ரோடு, ஆறு வந்தால் பாலம். சின்ன வயதில் குருமண்வெளியில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) ஏறி மண்டூருக்குப் போனபோதும் தண்ணீரில் கால் வைக்க வேண்டி வந்ததில்லை. அதனால் தண்ணீருக்குள் நடப்பதைப் பற்றி யோசிக்காமலே முதல் வருஷம் போனேன். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற, கணுக்கால் மறைக்கிற பெரிய சப்பாத்து ஒன்றை நல்ல விலைக்கு வாங்கியிருந்தேன்.

தண்ணீர் புகாத சப்பாத்து மழைக்கும் பனிக்கும் நல்லது. முழங்கால் ஆழ ஆற்றில் தண்ணீர் மேல்வாயால் உள்ளே போகும். போனால் வெளியே வர வழியில்லை. வெளித்தண்ணீரைத் தடுக்கிற அதே சவ்வு உள்தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இது தெரிந்துதான் அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன். நடு ஆற்றில், மணலுக்குள் புதைந்து கிடந்த மருதங்கட்டை ஒன்றில் வலது பெருவிரல் மோதியது. இரத்தம் வந்தது கரையேறிய பிறகுதான் தெரிந்தது. அது பெரிய காயமில்லை. பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. குழு புறப்படுகிறது என்ற அவசரத்தில் ஈரக்காலை அப்படியே சொக்ஸுக்குள் திணித்தேன். குருமணல் சுண்டுவிரலுக்குக் கீழே, சொக்ஸின் தையலோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த தங்கலான நாவலடிக்குப் போய்ச் சேர முன்னமே அந்த இடத்தில் ஒரு கொப்புளம், குதியில் இன்னொன்று. மிச்ச நாட்கள் முழுக்கக் காலின் உள்ஓரத்தால் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். அதில் முழங்காலும் பிடித்துக்கொண்டது.

தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். காய்ந்த தோல் தாங்குகிற உரசலை அது தாங்காது. அதோடு மணலும் சேர்ந்தால் அரத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ஆற்றுக்குள் இருப்பது பத்து நிமிஷம். அதற்குப் பிறகு நடக்கிற மூன்று மணி நேரத்தில்தான் கால் போகிறது. எந்தக் காலணி என்று முடிவெடுக்கும்போது அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் வருஷம் ரப்பர் சிலிப்பரோடு போனேன். காட்டு வழியில் பாதிப்பேர் காலில் அதுதான் இருக்கும். நனைந்தாலும் காய வேண்டிய அவசியமில்லை, பாரமில்லை, கோயில் வாசலில் கழற்றச் சுகம். ஆனால் குமுக்கன் ஆற்று மணல் இழுக்கும். ஒரு அடி எடுத்து வைக்கும்போது மணல் சிலிப்பரைப் பிடித்துக்கொள்ள, வார் அடியால் கழன்று வந்தது. குனிந்து தேடுவதற்குள் நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. ஒற்றைச் சிலிப்பரோடு அக்கரை ஏறினேன். அதற்கு அங்கால் காரை முள்ளும் உடை முள்ளும் கிடக்கிற காடு. குழுவில் ஒரு அண்ணன் தன்னிடமிருந்த மேலதிகச் சோடியைத் தந்திராவிட்டால் எப்படிப் போயிருப்பேனோ தெரியாது. அவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை. முருகன் அவரை நல்லா வைத்திருக்க வேணும்.

வார் வைத்த சாண்டிலும் அந்த வருஷம் ஒரு தம்பி போட்டிருந்தான். தண்ணீருக்குள் அது நன்றாகப் பிடித்தது. கல்லு நிறைந்த மலையாறு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். எங்கள் ஆறு மணலாறு. வாருக்கும் தோலுக்கும் நடுவில் மணல் புகுந்து பின்னேரத்துக்குள் அவன் புறங்கால் இரண்டிலும் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.

மூன்றாம் வருஷத்துக்கு முன் கொஞ்சம் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரைக்கும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று 4,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான நடைபாதை இருக்கிறது. கோடை தொடங்கும்போது பனி உருகிச் சியரா நெவாடா மலை ஆறுகள் பெருகும். அதைக் கடக்கிறவர்களில் அநேகம் பேர் காலணியைக் கழற்றுவதில்லை. வலைத்துணி ஓட்டச் சப்பாத்தோடே இறங்கி, ஏறி, நடந்தே அதைக் காய வைக்கிறார்கள்.

எம்மா கேட்வுட் என்ற அம்மாவைப் பற்றியும் அப்போதுதான் அறிந்தேன். 1955இல், தன் 67ஆவது வயதில், அமெரிக்காவின் இன்னொரு நெடும் நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் தனியாக நடந்து முடித்தவர். காலில் சாதாரண கான்வாஸ் சப்பாத்து, தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. அந்தப் பையைப் பற்றி வாசித்தபோது எங்களோடு நடக்கிற என் பெரியம்மாவின் தலையில் இருக்கிற பொட்டளிதான் ஞாபகம் வந்தது. பெரியம்மாவுக்கும் அப்போது அதே வயது.

கான்வாஸோ வலைத்துணியோ, போன தண்ணீர் திரும்பி வர வேண்டும். வாங்கிய சப்பாத்தை வீட்டுக் கிணற்றடியில் வைத்து ஒரு கோப்பை தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒழுகிப் போனது. நாக்குத் துணி இரண்டு ஓரத்திலும் சேர்த்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தைக்காமல் விட்டிருந்தால் அந்த இடைவெளியால்தான் மணல் வரும். உள்ளே இருக்கிற அட்டை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அளவு கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள், நாலாம் நாள் கால் வீங்கும். பருத்திச் சொக்ஸ் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. மெல்லிய நைலோன் மூன்று சோடி போதும். சிலிப்பரை நான் விட்டுவிடவில்லை, இராத்தங்கலுக்கென்று பையில் ஒரு சோடி இருக்கும்.

அந்த வருஷம் ஆறு தொடைக்கு வந்தது. சப்பாத்தோடே இறங்கினேன். பெரியம்மா வெறுங்காலோடு முன்னால் போனா. அவ முப்பது வருஷமாக நடக்கிறவ.

"ஒடுங்கின இடத்தில இறங்காத மனே, அங்கதான் ஆழம். அகலிச்ச இடமாப் பார்த்து இறங்கு. காலத் தூக்கி வைக்காத, இழுத்து இழுத்து வை. பைய ஒரு தோள்ல போடு, விழுந்தா டக்கெண்டு விடலாம்."

வாசித்ததெல்லாம் அவவின் இந்த நாலு சொல்லுக்குள் இருந்தது. கம்பை மேல்பக்கமாக ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்தோம். ஓட்டமில்லாத மடுப்பக்கம் யாரும் போகவில்லை, அங்கே முதலை கிடக்கும். காலுக்கடியில் கட்டை இரண்டு தடவை தட்டுப்பட்டது, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கரையில் பெரியம்மா உடனே நடக்க விடமாட்டா. வேரில் உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டா. சேலைத் தலைப்பால் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து விரித்துத் துடைத்தா. பிறகு சின்னப் போத்தலிலிருந்து தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு, குதியில் ஒரு தேய். அந்தக் குதி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் மணல் நின்றுவிடக்கூடாது என்று நகத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தா. நானும் அவவைப் பார்த்துச் செய்தேன். சப்பாத்தின் அட்டையை எடுத்து மரத்தில் அடித்து உதறி, சொக்ஸை ஆற்றிலேயே அலசிச் சாரனுக்குள் சுருட்டிப் பிழிந்து பையில் கொழுவினேன். வெளுத்த தோல் பழைய நிறத்துக்கு வரும்வரைக்கும் காலைக் காற்றில் வைத்திருந்தேன். அரை மணி நேரம் போனது. அதற்குப் பிறகு காய்ந்த சொக்ஸ், ஈரச் சப்பாத்து. சப்பாத்து நடக்க நடக்கக் காய்ந்தது, சொக்ஸை ஒருக்கா மாற்றினேன். நாவலடியில் கழற்றிப் பார்த்தபோது கால் முழுசாக இருந்தது.

"எங்க, காட்டு" என்று பெரியம்மா என் பாதத்தைத் திருப்பி, சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைத் தடவிப் பார்த்தா. "உங்களுக்கும் இப்பிடி ஒண்டு வாங்கித் தரட்டா?" என்று கேட்பேனோ என்று நினைத்தாவோ தெரியாது. "நான் நேர்த்திக்காரி மனே, நீ போடு" என்று தானாகவே சொன்னா.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்கு வரும்போது தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன்.