நீர் ஏறும் வரை

இன்று காலை மும்பை ஹாஜி அலி பக்கத்துப் பாறைகளில் கடல் உள்வாங்கியிருந்தது. ஒரு குட்டையில் சங்கு நண்டு ஒன்று, காலிச் சங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சங்கின் வாய்க்குள் காலை விட்டுத் துழாவியது. உருட்டிப் பார்த்தது. மறுபடியும் துழாவியது.

"வீடு மாறப்போகிறது அப்பா, அசையாதீர்கள்" என்றாள் மகள்.

மாறுவதற்குள் நீர் ஏறிவிட்டது. எழுந்து வந்துவிட்டோம்.

மாதுங்கா திரும்பும் வழியெல்லாம் எனக்கு அக்வாரியஸ் நினைவுதான். ஃபுளோரிடா கடலடியில், சுமார் 19 மீட்டர் ஆழத்தில், மனிதர் தங்கி ஆய்வு செய்வதற்கான நிலையம். மேலிருந்து முக்குளிப்பவர் அந்த ஆழத்தில் சிறிது நேரமே இருக்க முடியும். உடலில் கரையும் நைட்ரஜன் விடாது. அங்கேயே தங்கிவிட்டால், ஒரு நாள் போல ஆனதும் உடல் அதற்குமேல் நைட்ரஜனை ஏற்காது. பிறகு பத்து நாள் இருந்தாலும், மேலே வர, அழுத்தத்தை மெல்லக் குறைத்து அந்த நைட்ரஜனை வெளியேற்றும் ஏறத்தாழ 17 மணி நேரம் போதும்.

இப்படியொரு நிலையத்துக்குச் செலவிடும் பணம் வாங்கித் தருவது இந்த நேரத்தைத்தான்.

மனிதர் கடலடியில் தங்குவதற்குச் செலவு பெரிது, ஆபத்தும் உண்டு, ரோபோ போதாதா என்கிறார்கள் சிலர். 6000 மீட்டர் இறங்குவதற்காக நாம் உருவாக்கும், ஆட்கள் ஏறிச் செல்லும் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000 எனக்கும் பெருமைதான். ஆனால் அது போய்த் திரும்பும் கலம். 1998-இல் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்தன. அப்படி வெளுக்கும் நாட்களில், இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவர் வேண்டும். அதற்கு எவ்வளவு செலவானாலும் தகும் என்பேன்.

இரவு படுக்கும்போது மகள் கேட்டாள்: "அது மாறியிருக்குமா அப்பா?"