எட்டரை மணிக்கொரு குருப்பெயர்ச்சி

1995ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்ததே, அதற்குச் சில வாரங்கள் கழித்து, கிருஷ்ணகிரியில் நம் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் மடித்த செய்தித்தாளுடன் பன்னிரண்டாம் வகுப்புக்குள் வந்து, தாம் முந்தைய ஆண்டு நடத்திய பாடம் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதி என்பதால் பாறையும் உலோகமுமே திரண்டு சிறு கோள்களாகும். பனி உறையும் தொலைவில்தான் பெரிய கரு உருவாகி, வாயுவை இழுத்துக்கொண்டு வியாழனைப் போலப் பருக்க முடியும். ஆகவே பெருங்கோள் என்றால் தொலைவில்தான் இருக்கும் என்பது அந்தப் பாடம். ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மேயர், திதியே கெலோ என்ற இருவர், பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து கண்டறிந்து, அக்டோபர் 6 அன்று அறிவித்த கோளோ அதற்கு அடங்கவில்லை. சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில், நம் சூரியனை ஒத்த 51 பெகாசி என்னும் விண்மீனை, வியாழனில் குறைந்தது பாதி நிறையுள்ள ஒரு கோள் 80 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில், 4.2 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது.

எங்கள் முகங்களில் எந்த வியப்பும் தெரியாததைக் கண்டு, அவர் சாக்கட்டியை எடுத்தார். வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஓராண்டு, பன்னிரண்டையும் கடக்கப் பன்னிரண்டு ஆண்டு என்று எழுதி, இந்தக் கோளின் 101 மணி நேரச் சொச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தார். "அங்கே எட்டரை மணிக்கொரு குருப்பெயர்ச்சிடா. ஜோசியக்காரருக்குச் சாப்பிட நேரம் இருக்காது."

பார்க்கவே முடியாத கோளை எப்படிக் கண்டார்கள் என்று ஒருவன் கேட்டதும், வகுப்பையே மைதானத்துக்கு இறக்கினார். வகுப்பிலேயே கனமானவனையும், மிகவும் நோஞ்சானான என்னையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றச் சொன்னார். நான் பிடி நழுவி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அவரோ என்னைத் தூக்கிவிடுவதற்கு முன்பாகப் புழுதியைத்தான் குனிந்து பார்த்தார். என் கால்கள் இழுத்த பெரிய வட்டத்துக்குள், நண்பனின் குதிகால் அரைத்த சிறு வட்டம் ஒன்று இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றதாக அவன் சாதித்தான். விண்மீனும் அப்படித்தான், கோள் இழுக்க இழுக்கத் தானும் சிறிதாகச் சுழல்கிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப்பக்கமும் விலகும்போது செம்பக்கமும் மயிரிழை நகர்கிறது என்றார். அந்த அசைவின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர். பெங்களூர் சாலை லாரிகளையே வேகத்தின் எல்லையாகக் கருதியிருந்த எங்களுக்கு அது பெரிதாகப் பட்டது. ஒரு விண்மீனின் ஒளியில் அதைப் பிரித்தறிவது எத்தனை நுட்பமான வேலை என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

கோள் தொலைவில் பிறந்து பிறகு உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கங்களுள் ஒன்று. அப்படியானால் ஆசிரியர் பாடத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற்றிருக்க வேண்டியதில்லை.

2019இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பாதி அறிவிக்கப்பட்ட அக்டோபர் 8, விஜயதசமி நாள். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நான் மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கு நடுவே சற்று மேற்கில் அந்த விண்மீன் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருப்பதால், இருளிருந்தால் தெரியும். தசமி நிலவு அதை மறைத்துவிட்டது. மொட்டைமாடியில் என் பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்புரை எடுத்த தம் கண்ணைக் குறை சொல்லியபடி அவர் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு விழுந்தியே, அதுல இருந்து எத்தனை சுத்து சுத்தியிருக்கும் தம்பி?"

கைபேசியை எடுக்கப்போனேன். அவர் தடுத்து, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபத்து நான்கு ஆண்டில் வியாழனுக்கு இரண்டு. அதற்கு இரண்டாயிரத்து எழுபது.