தாய்ப்பத்திரம் இல்லாத ஓவியம்

ஜெர்மனியில் முதுகலை படித்தபோது, ஒரு சிறு நகர அருங்காட்சியகத்தில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனேன். முதல் நாளே மேற்பார்வையாளர் அம்மையார் ஓர் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் குப்புறக் கவிழ்த்தார். "முன்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம்." முன்பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆறு, ஒரு படகு, நாலு மரம். பதிவேட்டில் இருந்ததும் ஒற்றை வரி: 1954, மியூனிக் வியாபாரியிடம் வாங்கியது. யூதர்களின் சொத்தைப் பறித்த நாஜி ஆட்சிக் காலத்தில், அதாவது 1933 முதல் 1945 வரை, இது யார் வீட்டுச் சுவரில் இருந்தது என்பதே எனக்கான கேள்வி.

நம்மூரில் மனை வாங்கும் முன் தாய்ப்பத்திரம் வரை நூல் பிடித்துப் போவோமே, அந்த வேலைதான். வில்லங்கம் போட்டுப் பார்க்க மட்டும் இங்கே சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது.

பலகையின் பின்னால் நீலக் கிரேயானில் ஓர் எண். போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் மியூனிக்கில் ஒரு சேகரிப்பு மையம் நடத்தினார்கள். உப்புச் சுரங்கங்களிலும் கோட்டைகளிலும் மீட்ட கலைப்பொருள்களுக்கு அங்கே எண் போட்டு, அட்டை எழுதினார்கள். அந்த அட்டைகளை இன்று வீட்டிலிருந்தே தேடலாம். தேடினேன், பழக்கூடைப் படம் ஒன்று வந்தது. அட்டை எழுதியவர்தான் தப்பு செய்திருப்பார் என்று நானாக ஒரு கதை கட்டி, இரண்டு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். "ஏல எண்ணாக இருக்கக் கூடாதா?" என்று அம்மையார் கேட்டபோது வெட்கமாகிவிட்டது.

அந்தக் கால ஜெர்மன் ஏலப் பட்டியல்களை ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தலைப்பை நம்பித் தேடினால் கரை சேர முடியாது. ஒரு வியாபாரிக்கு 'ஆற்றுக் காட்சி', அடுத்தவருக்கு 'படகோட்டி'. ஓவியர் பெயரே மாறும். அளவு மட்டும் அவ்வளவாக மாறாது. சென்டிமீட்டரை வைத்துத் தேடித்தான் 1936இல் பெர்லினில் நடந்த ஏலம் ஒன்றில் பிடித்தேன். அதே எண். விற்றவர் பெயருக்கு வெறும் முதலெழுத்து.

ஏலத்தில் விற்றிருக்கிறார், ஆக இது கொள்ளை இல்லை என்று அறிக்கையில் நிம்மதியாக எழுதினேன். அம்மையார் அந்த வரியை அடித்துவிட்டார். நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கு நியாயமான தீர்வு காண்பது பற்றிப் பல நாடுகள் ஒப்புக்கொண்ட 1998 வாஷிங்டன் கோட்பாடுகளுக்குப் பிறகு ஜெர்மனி வகுத்த வழிகாட்டுதலின்படி, 1933 ஜனவரி 30க்குப் பின் ஒரு யூதர் விற்றிருந்தால் அதையும் இழப்பு என்றே முதலில் கொள்ள வேண்டும். நியாயமான விலை கிடைத்தது, அந்தப் பணத்தை அவரால் இஷ்டப்படி எடுக்க முடிந்தது என்பதையெல்லாம் இப்போது வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். யூதர்களின் உரிமைகளைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்த 1935 செப்டம்பருக்குப் பிந்தைய விற்பனை என்றால் விதி இன்னும் இறுக்கம். நாட்டைவிட்டுப் போகும் வசதியானவர்கள் சொத்தில் கால் பங்கை வரியாகக் கட்ட வேண்டியிருந்த காலம் அது. மிச்சப் பணமும் பெரும்பாலும் முடக்கிய கணக்கில்தான் கிடக்கும். ரசீது இருந்தால் கணக்கு நேர் என்று நினைக்கும் என் புத்தியை இந்த இடத்தில்தான் கழற்றி வைத்தேன்.

முதலெழுத்து முழுப்பெயரானது, 1920களின் கண்காட்சிப் பட்டியல் ஒன்றில். படத்தை இரவல் தந்தவர் அவர். பெர்லின் முகவரிப் புத்தகத்தில் வீடு கிடைத்தது. போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தில் நிதித்துறைக் கோப்பு கிடைத்தது. நாடு கடத்துமுன் நிரப்பச் சொன்ன 16 பக்கச் சொத்து விவரப் படிவம் அதில் இருந்தது. நாற்காலி எத்தனை, போர்வை எத்தனை என்று எல்லாம் அவர் கையெழுத்தில். படங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே ஒப்பம், நடுவில் யூத ஆண்களுக்கு அரசு திணித்த 'இஸ்ரேல்' என்ற பெயர். அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அவங்க பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். வாரிசைத் தேடுவது வேறொருவர் பொறுப்பு. என் பயிற்சி முடிந்த வாரம், நாஜி காலத்தில் பறிபோன கலைப்பொருள்களைப் பதிந்து வைக்கும், மாக்டபர்கிலிருந்து நடத்தப்படும் 'லாஸ்ட் ஆர்ட்' தரவுத்தளத்துக்குப் படத்தின் இரு பக்கப் புகைப்படங்களையும் அனுப்பினோம்.